பீமன் கதாயுதத்தைக் கீழே போட்ட வெள்ளிக்கிழமை

கார்ட்லெஸ் மைக்கின் பேட்டரி தீர்ந்துபோனபோது மணி ஒன்பது பத்து. துரியோதனன் சாவதற்கு இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் இருந்தது.

நேரத்தைக் குறித்துக் கொடுத்தவர் பூசாரி. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் பீமன் துரியோதனனின் தொடையில் அடித்து, அந்த ரத்தத்தைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தல் முடித்தாக வேண்டும். அவள் முடித்தால்தான் அக்கினிக் குழியில் கட்டைக்கு நெருப்பு வைப்பார்கள். நெருப்பு வைத்தால்தான் சாயங்காலம் தீமிதி. பெரியகொட்டாய் திரௌபதியம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதக் கூத்து நடப்பதே இந்த ஓர் அடிக்காகத்தான். நைனார்பாளையம் சுற்று வட்டாரமே துரியோதனன் விழும் படுகளத்தைப் பார்க்க வந்து மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது. நடுவில் நாற்பதடி நீளத்துக்கு மண்ணால் செய்த துரியோதனன், மீசையோடு மல்லாந்து கிடந்தான். அவன் தொடைக்குள் குங்குமத் தண்ணீர்ப் பானை ஒன்று புதைக்கப்பட்டிருந்தது.

சவுண்ட் சர்வீஸ் தனசேகரன், மைக்கைத் தட்டிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான், கும்பிட்டும் பார்த்தான். மைக் பேசவில்லை. ஓடி ஓடிச் சண்டை போடும் கூத்துக்கு வயர் மைக் உதவாது. பாவாடை என்பவர் தன் பைக்கை எடுத்துக்கொண்டு பேட்டரி வாங்க நைனார்பாளையத்துக்குப் பறந்தார்.

"அதுவரைக்கும் குழாய் சும்மாவா இருக்கும்? அம்மன் பாட்டு ஒன்னு போடு" என்றார் தர்மகர்த்தா வெங்கடேசன்.

திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கி வாயை மூடக் கூடாது என்பது அவர் கொள்கை. மூடினால் ஊரில் இழவு விழுந்துவிட்டதென்று பக்கத்து ஊர்க்காரன் நினைத்துக்கொள்வானாம்.

தனசேகரன் சட்டைப் பையிலிருந்து சிவப்பு பென் டிரைவை எடுத்துச் செருகினான். செருகிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அவனிடம் சிவப்பு பென் டிரைவ்கள் இரண்டு. அம்மன் பாட்டு இருப்பதை அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி விடியற்காலையில் வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு அங்கேயே வைத்துவிட்டாள். இது மற்றது. இதில் இருந்தவை இருபத்து மூன்று பாட்டுகள். இருபத்து மூன்றும் ஒரே பாட்டு.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இருபது வருடத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் 'ஒன்பதாம் வாய்க்கால்' என்று ஒரு ராக் குழு இருந்தது. நாலு பேர், நாலு பேருக்கும் தோளைத் தாண்டிய முடி. அப்போது தனசேகரன் அங்கே ஒரு ஒலிபெருக்கிக்காரரிடம் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். கடற்கரை மேடையில் அவர்கள் 'கீழே போடு' என்ற பாட்டைப் பாடினார்கள். போர் வேண்டாம் என்கிற பாட்டு. முதலில் கிடார் மட்டும், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. பிறகு டிரம்ஸ். பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டு நெஞ்சுக்கூட்டைப் பிடித்து உலுக்கும். நாலாவது நிமிடத்தில் அத்தனையும் சட்டென்று நின்றுவிடும். மூன்று விநாடி ஒன்றுமே இருக்காது. அப்புறம் டேப்பிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வரும். பாட்டல்ல, தொண்டை கிழியக் கத்துகிற குரல்.

"கீழ போட்டுடு. அதுவும் ஒரு உசுருதான? போதும். கீழ போட்டுடு."

தனசேகரன் அன்றைக்கு வயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்து அழுதான். ஏன் அழுதான் என்று அவனுக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. உலகத்தில் இவ்வளவு பெரிய ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் நாம் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியதாம்.

கேசட்டின் உறையில் 'குரல்: பெயர் தெரியாத ஒரு தாய்' என்று மட்டும் போட்டிருந்தது. எங்கே பதிவு செய்தது என்று எத்தனையோ பேர் கேட்டும் குழுவினர் வாயைத் திறக்கவில்லை. பிறகு குழுவே கலைந்துபோனது. ஆகவே ரசிகர்கள் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். ஏதோ ஒரு போர்முனை. மகன் துப்பாக்கியைக் குறிபார்க்கிறான். எதிரில் எதிரிப் பையன். நடுவில் போய்த் தாய் நிற்கிறாள். அவள் குரல்தான் இது.

அதனால் ரசிகர்களிடையே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. அந்தக் குரல் வரும்போது கையில் எது இருந்தாலும் கீழே வைத்துவிட வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கென்று தனசேகரன் இன்னொரு விதியைச் சேர்த்திருந்தான். வைத்ததை அன்று பொழுது சாயும்வரை எடுக்கக் கூடாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு ரசிகர் இப்படித்தான் செல்போனைத் தரையில் வைத்துவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தார். போன் இல்லை. அவர் வருத்தப்படவும் இல்லை.

தனசேகரனுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு விரதம் இருந்தது. அந்தப் பாட்டை அவன் பாதியில் நிறுத்தியதே கிடையாது.

மேடைக்குப் பின்னால் பூசாரி முறைத்துக்கொண்டிருக்க, தனசேகரன் கணக்குப் போட்டான். முதல் இரண்டு நிமிடம் வெறும் கிடார். கேட்கிறவர்கள் ஏதோ பக்திப் பாட்டின் முன்னிசை என்று நினைத்துக்கொள்வார்கள். குரல் வருவதற்குள் பாவாடை வந்துவிடுவார்.

எட்டுக் குழாயிலும் தூறல் விழுந்தது. கூட்டம் பேச்சைக் குறைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. மூன்றாவது நிமிடம் ஆயிற்று. பாவாடையைக் காணோம். தனசேகரனின் விரல் நிறுத்தும் பட்டனுக்குப் போனது. அங்கேயே நின்றது. இருபது வருடமாகச் செய்யாததை எப்படிச் செய்வது? விரலுக்கு அவன் எவ்வளவோ சொன்னான். விரல் கேட்கவில்லை.

இசை நின்றது. மூன்று விநாடி. குரல் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் களத்துக்குள் வந்திருந்த பீமன், கிரீடமும் புஜகீர்த்தியுமாக அப்படியே நின்றான். கதாயுதத்தை மெதுவாக மண்ணில் வைத்தான். இரண்டு கைகளையும் விரித்து ஒதுங்கிக்கொண்டான். பீமன் வேஷம் கட்டியிருந்த அஜித்தை 'ஒன்பதாம் வாய்க்கால்' ரசிகனாக்கியவனே தனசேகரன்தான்.

கூத்து வாத்தியார் மாயவன் ஓடிவந்து கதாயுதத்தை எடுக்கச் சொன்னார்.

"பொழுது சாயட்டும் வாத்தியாரே, எடுக்கறேன்" என்றான் அஜித். கண்ணிலிருந்து வழிந்த நீர் அரிதாரத்தில் இரண்டு கோடு போட்டிருந்தது.

வாத்தியார் கெஞ்சினார். தர்மகர்த்தா திட்டினார். ஊர்ப் பெரியவர்கள் அவன் அப்பன் பாட்டன் பெயரையெல்லாம் இழுத்தார்கள். அஜித் எல்லோருக்கும் கும்பிடு போட்டான். கதாயுதத்தை மட்டும் தொடவில்லை. மணி ஒன்பது முப்பத்தைந்து.

தனசேகரன் கூட்டத்துக்குள் பார்க்காமல் இருக்க முயன்றான். முடியவில்லை. முன் வரிசையில் மஞ்சள் சேலையும் கையில் காப்புமாக அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

போன வருடம் அவனுக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. டாக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். தனசேகரன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தான். செந்தமிழ்ச்செல்வி வராந்தாவில் நின்று, இவரைத் திருப்பிக் கொடு, தீமிதிக்கிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பத்தாம் நாள் அவன் எழுந்து இட்லி கேட்டான். பாட்டுதான் காப்பாற்றியது என்று அவன் சொன்னான். அவளோ இந்த வருடம் காப்புக் கட்டிக்கொண்டு பதினெட்டு நாளாக ஒருவேளைச் சாப்பாடும் வெறுந்தரைப் படுக்கையுமாக இருந்தாள். நெருப்பில் இறங்கி வேண்டுதலை முடிக்காவிட்டால் கொடுத்த உயிரை அம்மன் திரும்பக் கேட்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்குக் கூந்தல் முடியாவிட்டால் நெருப்பே இல்லை.

வாத்தியார் மாயவன் வேறு வழி கண்டுபிடித்தார். அர்ச்சுனன் வேஷம் கட்டும் பகலவனுக்குப் பீமன் கிரீடத்தை மாட்டினார். அவன் அந்தப் பாட்டை அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அதைவிடப் பாதுகாப்பான ஆள் அந்தக் களத்தில் கிடையாது. கீழே கிடந்த கதாயுதத்தை அவன் சுலபமாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். தனசேகரனுக்கு உயிர் வந்தது.

"வீரமா ஒன்னு போடு. மேளமா இருக்கணும். பேச்சு இருக்கக் கூடாது" என்று தர்மகர்த்தா உத்தரவு போட்டார்.

அந்த இருபத்து மூன்றும் ஒரே பாட்டை வெவ்வேறு இடத்தில் பாடிப் பதிவு செய்தவை; அதில் மேளம் அதிகமாக உள்ளது ஒன்று இருந்தது. ஒரு பெரிய மைதானத்தில் பாடிப் பதிவு செய்தது. ஆரம்பத்தில் ஆறு நிமிடம் டிரம்ஸ் மட்டும் இடிக்கும். குரல் வருவதற்குப் பத்து நிமிடம் ஆகும். பீமன் மூன்று சுற்று சுற்றி அடிக்க அஞ்சு நிமிடம் போதும். தனசேகரன் தைரியமாகப் போட்டான்.

டிரம்ஸ் இடித்தது. கூட்டத்துக்கு வெறி ஏறியது. பகலவன் குதித்துக் குதித்து ஓடினான். எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் துரியோதனன் வேஷம் கட்டிய ராசுவை மறந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் களத்தில் துரியோதனனாகச் செத்துக்கொண்டிருப்பவர் அவர். மடுவில் ஒளிந்திருக்கும் துரியோதனன் லேசில் வெளியே வர மாட்டான், பீமன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் வர வேண்டும் என்பது கதை. இந்த மேளத்துக்கு ராசுவுக்கு என்றுமில்லாத உற்சாகம் வந்துவிட்டது. ஒளிந்த இடத்திலிருந்தே விருத்தம் மேல் விருத்தமாகப் பாடினார். எட்டாவது நிமிடத்தில்தான் வெளியே வந்தார். பகலவன் முதல் சுற்று முடித்தான். இரண்டாவது சுற்று முடித்தான்.

தனசேகரன் மறுபடியும் பட்டனில் விரலை வைத்தான். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தான்.

இசை நின்றது. அந்தத் தாயின் குரல் வந்தது. அதோடு முடியவில்லை. அந்த மைதானத்தில் அன்று கூடியிருந்த பல்லாயிரம் பேரும் அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். எட்டுக் குழாயிலிருந்தும் அத்தனை பேரின் தொண்டையும் படுகளத்தின் மேல் வந்து இறங்கியது. கீழ போட்டுடு. கீழ போட்டுடு.

பகலவனுக்கு வழக்கமும் தெரியாது, விதியும் தெரியாது. தலைக்கு மேல் ஓங்கிய கதாயுதத்தை அவனாகவே இறக்கினான். குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் மண்ணில் வைத்தான்.

அவன் பின்னால் மிருதங்கக்காரர் மிருதங்கத்தைக் கீழே வைத்தார். முகவீணைக்காரர் முகவீணையை வைத்தார். குழிக்குக் கட்டை சுமந்து வந்தவர்கள் கட்டையை இறக்கினார்கள். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் லத்தியைத் தரையில் வைத்துவிட்டுத் தொப்பியையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். காந்தாரியாக வேஷம் கட்டியவர், படுகளத்து வழக்கப்படி விழுந்து கிடக்கும் மகனை அடிக்க வைத்திருந்த துடைப்பத்தை வைத்தார். நாலாயிரம் பேர் நின்ற இடத்தில் குழந்தைகூட அழவில்லை. யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. தனசேகரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபது வருடமாகத் தனக்குள் மட்டும் நடந்துகொண்டிருந்தது இன்று ஊருக்கே நடந்துவிட்டது. இப்படி ஒன்றைப் பார்த்த பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தான். செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்ததும் பரவாயில்லை என்பதைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

பாவாடை பேட்டரியோடு வந்து சேர்ந்தது அப்போதுதான். மைக் உயிர் பெற்றது. அதை முதலில் வாங்கியவர் ராசு.

"இருவத்திரண்டு வருசமா செத்துக்கினு கீறேன். இந்த வருசந்தான் என்னக் கொல்ல ஒருத்தருக்கும் மனசு வரல. சபையோர் உத்தரவு குடுத்தா, வூட்டுக்குப் போயி சோறு துன்றேன்."

கூட்டம் கைதட்டியது. சிலர் விசிலடித்தார்கள். கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துரியோதனன் நிஜமாகவே கிளம்பினார். மணி பத்து பதினைந்து. பாஞ்சாலி வேஷக்காரர் விரித்த தலையோடு நட்டநடுக் களத்தில் நின்று யாரைக் கேட்பதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

செந்தமிழ்ச்செல்வி ஆம்ப்ளிபயர் மேசைக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒன்பது நாள் நின்னவ நானு. நீ காதுல மாட்டிக்கினு படுத்துக்கினு இருந்த. உன் பாட்ட நான் ஒரு நாளும் கொற சொன்னதில்ல. இன்னிக்கி எனக்கு நெருப்பு வோணும்யா."

ராசு விட்டுப்போன மைக்கை அவன் எடுத்தான். தன் வாழ்நாளில் சொல்ல நேரும் என்று நினைக்காததைச் சொன்னான்.

"அஜித்து, எடுத்துடுடா."

"அண்ணே, நீங்களா சொல்றது?" என்றான் அஜித்.

தனசேகரன் மைக்கை மேசையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான்.  பாட்டை விட்டால் அவன் யார்? இவளை விட்டால் அவன் எங்கே? மணி பத்து இருபது.

அப்போது கோயில் சுவரோரம் சாக்கு விரித்துப் புளியும் கடுக்காயும் தேனும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே உள்ள சிற்றூர்க்காரி, செல்லியம்மாள் என்று பெயர். வருடா வருடம் படுகளத்துக்கு இறங்கி வருகிறவள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மண் துரியோதனனின் வயிற்றின் மேலேயே ஏறி நின்றுகொண்டாள். மைக் கேட்கவில்லை. வாயைத் திறந்தாள்.

"எட்றா அத. பதினெட்டு நாளா ஒரு பொம்பள தலய விரிச்சிப் போட்டுக்கினு நிக்கறா. உங்களுக்கெல்லாம் அழுவ வந்துட்டா, அவளுக்கு யாருடா பதில் சொல்றது? எட்றா."

களம் திகைத்துப்போனது. அவள் சொன்னதற்காக அல்ல, சொன்ன குரலுக்காக. சற்று முன்னால் எட்டுக் குழாயிலும் இரண்டு தடவை கேட்ட அதே குரல். அதே கிழிசல், அதே இழுப்பு. வயது கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். அஜித்தின் வாய் திறந்தபடி நின்றது. தனசேகரன் மேசையைப் பிடித்துக்கொண்டான். 

கீழே போடச் சொன்ன குரலே எடுக்கச் சொன்னால் விதியாவது, வழக்கமாவது. அஜித் பாய்ந்து கதாயுதத்தை எடுத்தான். பகலவன் கிரீடத்தைக் கழற்றி அவன் தலையில் வைத்தான். மிருதங்கம் எழுந்தது. தெருமுனை தாண்டிப் போய்விட்ட ராசுவைப் பத்துப் பேர் தூக்கிக்கொண்டு வந்து மண் துரியோதனனின் பக்கத்தில் கிடத்தினார்கள். அவர் சோற்றைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே செத்தார். அஜித் ஓங்கி அடித்தான். மண் தொடை பிளந்து குங்குமத் தண்ணீர் பீறிட்டது. பாஞ்சாலி அதைத் தொட்டுத் தலையில் தடவிக் கூந்தலை முடித்துப் பூ வைத்துக்கொண்டபோது மணி பத்து இருபத்தெட்டு. பெண்கள் குலவையிட்டார்கள். அக்கினிக் குழியில் புகை எழுந்தது. செந்தமிழ்ச்செல்வி அந்தப் புகையைப் பார்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தனசேகரன் ஆம்ப்ளிபயரை அப்படியே விட்டுவிட்டுச் சுவரோரம் ஓடினான். அஜித் கிரீடத்தோடு பின்னால் ஓடினான். செல்லியம்மாள் மறுபடியும் சாக்கின் முன்னால் உட்கார்ந்து ஒருவருக்குப் புளி நிறுத்துக்கொண்டிருந்தாள். தனசேகரன் அவள் காலில் விழுந்தான். அவள் பதறிக் காலை இழுத்துக்கொண்டாள்.

இந்தப் பாட்டில் இருப்பது அவள் குரல்தானா என்று கேட்டான். அப்படித்தான் கீது, நானும் இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றாள். பாண்டிச்சேரியிலிருந்து நீளமுடிக்காரர்கள் யாராவது எப்போதாவது வந்தார்களா என்று கேட்டான். வந்தார்கள், ரொம்ப வருடம் ஆயிற்று என்றாள். பீமனும் தனசேகரனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. போலீஸ்காரர் தொப்பியை மறுபடியும் கழற்றினார். பெயர் தெரியாத தாய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது. இத்தனை வருடமும் அவள் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், தலைக்கு மேலே தெரியும் மலையில்தான் இருந்திருக்கிறாள். தனசேகரன் இருபது வருடமாகத் தூக்கத்திலும் விழிப்பிலும் கேட்க நினைத்த கேள்வி ஒன்றுதான்.

"அம்மா, அந்தப் புள்ள கடைசியில துப்பாக்கியக் கீழ போட்டானாம்மா?"

"துப்பாக்கியா? அருவி பாக்க வந்த உன் பாட்டுக்காரப் பசங்க டேப்புப் பொட்டிய ஓட வுட்டுக்கினு கோழிக்கொழம்பு கேட்டானுங்க நைனா, எங்கூட்டுக்காரு என் அடகோழியப் புடிச்சிக்கினு அறுக்கப் போனாரு, அதுக்குக் கத்துனேன். எங்க கீழ போட்டாரு? நாலு பேரும் ரெண்டு தபா கொழம்பு வாங்கித் துன்னுட்டுத்தான் மலைய எறங்குனானுங்க."